‘ஹேவ்’, ‘ஹேஸ்’: நிகழ்கால வடிவங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் உடைமையைச் சொல்லும் வினைச்சொல் ‘ஹேவ்’. நிகழ்காலத்தில் அதற்கு இரண்டே வடிவங்கள்தான்: ‘ஹேவ்’, ‘ஹேஸ்’. தொடக்கப்பள்ளியிலேயே பாடமாகிவிடும் இந்த இரண்டு சொற்களில் பட்டம் பெற்றவர்களும் தடுமாறுவதை, மாலைநேர ஆங்கில வகுப்பு நடத்தும் நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். படிக்காததால் வரும் தடுமாற்றம் அன்று இது. தமிழில் பழகிய மனம் உடைமையை வேறொரு கணக்கில் வாக்கியமாக்குகிறது. அந்தக் கணக்கு ஆங்கிலத்தில் செல்லுபடியாவதில்லை. வகுப்பில் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் கீழே தருகிறேன். வாய்விட்டுப் படிக்க வசதியாக ஆங்கில எடுத்துக்காட்டுகளும் தமிழ் எழுத்திலேயே உள்ளன.

எந்த எழுவாய்க்கு ‘ஹேவ்’ வரும், எதற்கு ‘ஹேஸ்’ வரும்?

எழுவாய் படர்க்கை ஒருமையாக இருந்தால் ‘ஹேஸ்’. மற்ற எல்லாவற்றுக்கும் ‘ஹேவ்’. அதாவது ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’ ஆகிய மூன்றுக்கும், அவற்றின் இடத்தில் நிற்கக்கூடிய ஒரு மனிதர், ஒரு விலங்கு, ஒரு பொருள் ஆகியவற்றுக்கும் ‘ஹேஸ்’ வரும். ‘ஐ’, ‘யூ’, ‘வி’, ‘தே’ ஆகியவற்றுக்கும் பன்மைப் பெயர்களுக்கும் ‘ஹேவ்’ வரும். விதி இவ்வளவுதான். இதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்களே பேசும்போது ஏன் பிசகுகிறார்கள் என்பதற்கு அடுத்த கேள்வியில் விடை இருக்கிறது.

இருக்கும் பொருள் ஒன்று என்றால் ‘ஹேஸ்’, பல என்றால் ‘ஹேவ்’ என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஆனால் பலரும் தம்மை அறியாமல் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நேர்காணலுக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ‘மை ஃபாதர் ஹேவ் டூ ஷாப்ஸ்’ என்றார். ‘ஹேஸ்’ என்று திருத்தினேன். அவர் ஏற்கவில்லை. “கடை ரெண்டு இருக்கே சார், அப்புறம் எப்படி ஹேஸ் வரும்?” என்று கேட்டார். அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வரி தள்ளி ‘ஐ ஹேஸ் ஒன் பிரதர்’ என்று இருந்தது. தம்பி ஒருவன் என்பதால் ‘ஹேஸ்’, கடைகள் இரண்டு என்பதால் ‘ஹேவ்’. இரண்டும் தவறு; ஆனால் இரண்டும் ஒரே விதியைப் பின்பற்றிய தவறுகள். அந்த விதி தமிழினுடையது.

‘என் அப்பாவுக்கு இரண்டு கடைகள் இருக்கின்றன’ என்ற வாக்கியத்தில் ‘இருக்கின்றன’ என்ற பன்மை முற்று யாரைப் பார்த்து வந்தது? கடைகளைப் பார்த்துத்தான். அப்பா நான்காம் வேற்றுமை உருபை ஏற்று ‘அப்பாவுக்கு’ என்று ஒதுங்கி நின்றுவிடுகிறார், எழுவாய் ‘கடைகள்’. ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’, ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’, ‘எனக்கு ஒரு வீடு இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். உடையவர் மூன்றிலும் ஒருவரே; வினைமுற்று மட்டும் மூன்று விதமாக மாறுகிறது. தமிழில் வினை உடைமையைப் பார்த்து இசைகிறது.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். அங்கே உடையவரே எழுவாய். உடைமை வினைக்குப் பின்னால் செயப்படுபொருளாக நிற்கிறது. வினை அந்தப் பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை. ஆயிரம் கடைகள் இருந்தாலும் ‘மை ஃபாதர் ஹேஸ்’ என்பதுதான். பத்துப் பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு மிதிவண்டி என்றாலும் ‘தே ஹேவ் ஒன் சைக்கிள்’ என்பதுதான்.

தமிழில் ‘ஹேவ்’ என்பதற்கு நேர்ச்சொல் என்ன?

இன்றைய பேச்சுத் தமிழில் அப்படி ஒரு தனிச்சொல் கிடையாது. உறவுக்கு ‘எனக்கு ஒரு மகள்’ என்கிறோம். கையில் இருக்கும் பணத்துக்கு ‘என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது’ என்கிறோம். இவற்றை இடம் மாற்றி ‘என்னிடம் ஒரு மகள் இருக்கிறாள்’ என்றால், யாரோ ஒப்படைத்த பிள்ளையைப் பற்றிப் பேசுவது போல் ஆகிவிடும். கட்டடத்துக்கு ‘இந்த வீட்டில் மூன்று அறைகள்’, உறுப்புக்கு ‘ஆட்டுக்கு நான்கு கால்’, வண்டிக்கு ‘அவன் பைக் வைத்திருக்கிறான்’, நோய்க்கு வினையே இல்லாமல் ‘எனக்குக் காய்ச்சல்’. தமிழ் இத்தனை விதமாகப் பிரித்துச் சொல்வதையெல்லாம் ஆங்கிலம் ஒரே ‘ஹேவ்’ என்ற சொல்லில் அடக்கிவிடுகிறது. இதை உணராமல் உருபுக்கு உருபு மாற்றும்போதுதான் ‘ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்’ போன்ற வாக்கியங்கள் பிறக்கின்றன. ‘எனக்கு’, ‘என்னிடம்’, ‘என் வீட்டில்’ என்று தொடங்கும் உடைமை வாக்கியம் எதுவானாலும், முதலில் அந்த உருபைக் கழற்றிவிட்டு உடையவரை எழுவாயாக நிறுத்த வேண்டும். ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’, ‘மை ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்’.

ஆனால் உடையவரை எழுவாயாக்கும் அமைப்பு தமிழுக்கு அந்நியம் என்று எண்ணிவிட வேண்டாம். ‘அறிவுடையார் எல்லாம் உடையார்’ என்று தொடங்கும் 430ஆம் குறளில், ‘உடையார்’ என்ற முற்று ‘எல்லாம்’ என்ற உடைமையோடு இசையவில்லை, அறிவுடையவர்களோடு இசைகிறது. ஆங்கில ‘ஹேவ்’ செய்வதும் அதையேதான். காலம் காட்டாத குறிப்பு வினைமுற்று என்பது மட்டும் வேறுபாடு. ‘இந்தக் கட்டடம் பத்து மாடிகளைக் கொண்டது’ என்ற இன்றைய எழுத்து வழக்கிலும் அதே அமைப்பு உயிரோடு இருக்கிறது. வகுப்பில் இந்தக் குறளைச் சொன்ன பிறகு ‘ஹேஸ்’ புரிந்துவிட்டது என்று சொன்ன மாணவர்கள் உண்டு. ஆங்கில இலக்கணத்துக்கு வள்ளுவரை அழைப்பது சற்று அதிகப்படிதான்; ஆனாலும் பலன் தருகிறது.

‘கிவ்’ என்பது ‘கிவ்ஸ்’ ஆகிறது; ‘ஹேவ்’ ஏன் ‘ஹேவ்ஸ்’ ஆகவில்லை?

ஒரு காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. பழைய ஆங்கிலத்தில் இந்த வினை ஒவ்வோர் இடத்துக்கும் தனி விகுதி ஏற்றது. படர்க்கை ஒருமையில் ‘ஹேஃப்த்’ போன்ற ஒலி இருந்தது. அது தேய்ந்து ‘ஹேத்’ ஆயிற்று. இங்கிலாந்தின் வடபகுதி மக்கள் அந்த ‘த்’ விகுதிக்குப் பதிலாக ‘ஸ்’ விகுதியைப் பயன்படுத்தினார்கள். அந்த வழக்கு மெல்லத் தெற்கே பரவி, 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பொது வழக்காக நிலைபெற்றது. மற்ற வினைகள் ‘ஸ்’ விகுதிக்கு மாறிய பின்னும் ‘ஹேத்’, ‘டத்’ (இன்றைய ‘டஸ்’ என்பதன் பழைய வடிவம்) ஆகிய இரண்டும் நெடுநாள் விடாமல் நின்றன. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் காலத்து விவிலிய மொழிபெயர்ப்பில் ‘ஹேத்’ வடிவத்தைத்தான் காண முடியும்.

வடக்கின் ‘ஸ்’ ஒட்டியபோது நடுவில் இருந்த ‘வ்’ ஒலி நழுவிப்போய் ‘ஹேஸ்’ என்று சுருங்கியது. அடிக்கடி புழங்கும் சொல் தேய்வது எந்த மொழிக்கும் இயல்பு. ‘இருக்கிறது’ நம் வாயில் ‘இருக்கு’ ஆகவில்லையா? ஆங்கிலத்தில் இப்படி நடுவில் ‘வ்’ இழந்த சொற்கள் வேறு சிலவும் உள்ளன. தலையைக் குறிக்கும் ‘ஹெட்’, பருந்து இனத்தைச் சேர்ந்த ‘ஹாக்’, தலைவனைக் குறிக்கும் ‘லார்ட்’ மூன்றுமே பழைய வடிவத்தில் அந்த ஒலியைக் கொண்டிருந்தவை. ‘லார்ட்’ என்பதன் மூலப்பொருள் ரொட்டியைக் காப்பவன் என்பது கூடுதல் சுவை. இறந்தகாலத்து ‘ஹேட்’ வடிவமும் இதே வழியில் சுருங்கியதுதான்.

‘ஹேவ்ஸ்’ என்ற சொல் இன்றும் இருக்கிறது. ஆனால் வினையாக அன்று, பெயராக. ‘த ஹேவ்ஸ் அண்ட் த ஹேவ்-நாட்ஸ்’ என்றால் உள்ளவர்களும் இல்லாதவர்களும்.

‘யூ’ ஒரே ஒருவரைக் குறிக்கும்போதும் ‘ஹேவ்’ வருவது ஏன்?

‘யூ’ பிறப்பால் பன்மைச் சொல். ஒருமைக்கு ‘தவ்’ என்ற சொல் தனியே இருந்தது. அதற்கு ‘ஹேஸ்ட்’ என்ற வினை வடிவமும் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கும் வழக்கம் பரவி, கடைசியில் ‘தவ்’ அன்றாடப் பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது. நம்மிடம் ‘நீ’ மறைந்து குழந்தை முதல் முதலாளி வரை எல்லோருக்கும் ‘நீங்கள்’ என்று ஆகியிருந்தால் எப்படியோ அப்படி. ‘நீங்கள்’ ஒருவரையே குறித்தாலும் ‘இருக்கிறீர்கள்’ என்றுதானே சொல்கிறோம்.

‘ஐ’ ஒருமைதான், ஆனால் தன்மை. அதற்குரிய பழைய விகுதி தேய்ந்து வெறும் ‘ஹேவ்’ எஞ்சியது. ஆகவே ‘ஒருமைக்கு ஹேஸ்’ என்று பாதி விதியைச் சொல்லிக்கொடுக்கும் கையேடுகளை நம்பாதீர்கள். ‘படர்க்கை’ என்ற சொல்லை விட்டுவிட்டால் விதியே போயிற்று.

ஆசிரியர், அப்பா போன்றவர்களுக்கு மரியாதையாக ‘ஹேவ்’ போடலாமா?

இந்தக் கேள்வி தமிழருக்கு இயல்பாகவே எழும். ‘ஆசிரியர் வைத்திருக்கிறார்’ என்பதில் உள்ள ‘ஆர்’ விகுதி பன்மைக்கும் மரியாதைக்கும் பொதுவானது. ஆங்கில வினைக்கு மரியாதை வடிவம் கிடையாது. முதலமைச்சராயினும் மூன்று வயதுக் குழந்தையாயினும் ஒருவர் என்றால் ‘ஹேஸ்’. ‘மை டீச்சர் ஹேஸ் எ கார்’ என்று சொல்வதில் அவமரியாதை எதுவும் இல்லை.

‘எவ்ரிபடி’, ‘ஒன் ஆஃப்’, ‘போலீஸ்’ போன்ற எழுவாய்களுக்கு எது வரும்?

‘எவ்ரிபடி’, ‘எவ்ரிஒன்’, ‘நோபடி’, ‘ஈச்’ ஆகியவை ஆங்கிலத்தில் ஒருமை. ‘எல்லோரும்’ என்று தமிழில் பன்மையாக நினைப்பதால் ‘ஹேவ்’ நாக்கில் வந்து நிற்கும். ‘எவ்ரிபடி ஹேஸ் எ போன்’ என்பதே சரி. ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் ஹேஸ் எ பைக்’ என்பதில் எழுவாய் ‘ஒன்’. அருகில் நிற்கும் ‘ஃபிரெண்ட்ஸ்’ கண்ணை ஏமாற்றும்.

‘பீப்பிள்’, ‘போலீஸ்’ இரண்டும் வடிவத்தில் ஒருமை போல் தோன்றினாலும் பன்மை. ‘த போலீஸ் ஹேவ் அரெஸ்டட் டூ மென்’ என்று ஆங்கில நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். இதற்கு மாறாக ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ ஆகியவை ‘ஸ்’ ஒலியில் முடிந்தாலும் ஒருமை. ‘த நியூஸ் ஹேஸ் ஸ்பிரெட்’. ‘டீம்’, ‘கவர்ன்மெண்ட்’ போன்ற கூட்டப் பெயர்களுக்கு அமெரிக்கர்கள் ‘ஹேஸ்’ போடுவார்கள். பிரிட்டன்காரர்கள் உறுப்பினர்களை மனத்தில் கொண்டு ‘ஹேவ்’ என்றும் எழுதுவார்கள். இரண்டும் ஏற்கத்தக்கவை, ஒரே கட்டுரைக்குள் மாற்றி மாற்றி எழுதாமல் இருந்தால் போதும். ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்றால் ‘பல மாணவர்கள்’, ஆகவே ‘ஹேவ்’. ‘த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்’ என்றால் ‘மாணவர் எண்ணிக்கை’, ஆகவே ‘ஹேஸ்’.

‘டஸ் ஷி ஹேஸ் எ பென்?’ என்பது ஏன் தவறு?

படர்க்கை ஒருமைக்கான அடையாளத்தை ஒரு வினைத்தொடர் ஒரு முறைதான் ஏற்கும். ‘டூ’ என்ற துணைவினை ‘டஸ்’ ஆனபோதே அந்த ‘ஸ்’ ஒலி செலவாகிவிட்டது. ஆகவே முதன்மை வினை வெறும் ‘ஹேவ்’ ஆகத் திரும்புகிறது. ‘டஸ் ஷி ஹேவ் எ பென்?’, ‘ஷி டஸின்ட் ஹேவ் எ பென்’. ‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’ ஆகியவற்றுக்குப் பின்னும் ‘ஹேவ்’ மட்டுமே. ‘ஷி மஸ்ட் ஹேவ் எ பாஸ்போர்ட்’.

‘ஹேஸ் ஷி ஈட்டன்?’ என்ற கேள்வி வேறு. அங்கே ‘ஹேஸ்’ தானே துணைவினை, ஆகவே ‘டஸ்’ துணைக்கு வேண்டியதில்லை. பழைய பிரிட்டன் ஆங்கிலத்தில் உடைமைப் பொருளிலும் ‘ஹேவ் யூ எனி மணி?’ என்று கேட்டார்கள். இன்று அப்படிக் கேட்டால் பழைய நாடகத்தில் நடிப்பவர் போல் தோன்றும்.

‘ஐ ஹேவ் காட்’ என்பதும் ‘ஐ ஹேவ்’ என்பதும் ஒன்றா?

உடைமைப் பொருளில் ஒன்றுதான். பிரிட்டன் பேச்சில் ‘ஹேவ் யூ காட் எ பென்?’ என்பது மிகுதி. அமெரிக்காவில் ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்பது மிகுதி. இரண்டையும் கலந்து ‘டூ யூ ஹேவ் காட்’ என்று கேட்கக் கூடாது. அலுவலகக் கடிதங்களில் ‘காட்’ இல்லாமல் எழுதுவது நல்லது.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது தவறா?

பொது ஆங்கிலத்தின் கணக்கில் தவறு. உடைமை என்பது செயல் அன்று, நிலை. நிலையைக் குறிக்கும் வினைகள் பொதுவாகத் தொடர்வினை வடிவம் ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’, ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஷி ஹேஸ் எ கார்’ என்பவையே சரி. இந்தியா முழுவதும் இந்த வழக்கு பரவியிருப்பதால் இங்கே யாருக்கும் புரியாமல் போகாது. ஆனால் தேர்வுத் தாளிலும் வெளிநாட்டு நேர்காணலிலும் முதலில் கண்ணில் படும் பிழை இதுதான்.

இது நம்மிடம் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்குக் காரணமாக எனக்குத் தோன்றுவது இரண்டு. தமிழின் ‘கிறு’ இடைநிலை, வழக்கமாக நடப்பதையும் இப்போது நடந்துகொண்டிருப்பதையும் ஒரே வடிவத்தில் சொல்லிவிடும். ‘வருகிறான்’ என்றால் தினமும் வருகிறான் என்றும் கொள்ளலாம், இதோ வந்துகொண்டிருக்கிறான் என்றும் கொள்ளலாம். ஆகவே ஆங்கிலத்தின் இரண்டு நிகழ்காலங்களில் எதை எடுப்பது என்ற உணர்வு நமக்குப் பிறவியில் வருவதில்லை. இரண்டாவது காரணம் ‘வைத்திருக்கிறான்’ என்ற சொல். ‘பைக் வைத்திருக்கிறான்’ என்பதன் அமைப்பில் ‘வைத்து’ என்ற எச்சமும் ‘இருக்கிறான்’ என்ற முற்றும் உள்ளன. இந்த இரட்டை அமைப்புக்கு ஈடாக ஆங்கிலத்திலும் இரண்டு சொற்களைத் தேடும் மனம் ‘ஈஸ் ஹேவிங்’ என்பதில் போய் அமர்ந்துகொள்கிறது.

அப்படியானால் ‘ஹேவிங்’ வரவே கூடாதா?

வரலாம். ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்காமல் ஒரு செயலையோ அனுபவத்தையோ குறிக்கும்போது தொடர்வினை இயல்பானது. ‘வி ஆர் ஹேவிங் டின்னர்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். ‘தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்’ என்றால் கூட்டம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். ‘ஷி ஈஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவருக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் குழந்தை ஏற்கெனவே இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல் அண்டை வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசினால் வீண் வதந்திதான் பரவும். உங்கள் வாக்கியத்தில் தமிழில் ‘கொண்டிருக்கிறேன்’ என்று வைத்துப் பாருங்கள். ‘இரண்டு தம்பிகளைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பது போல் அபத்தமாகத் தொனித்தால் ‘ஹேவிங்’ வேண்டாம்.

‘பார்த்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் சீன்’ என்பது சரிதானா?

பெரும்பாலும் சரி. இங்கே இரண்டு மொழிகளும் வியக்கத்தக்க வகையில் கைகோத்துக்கொள்கின்றன. தமிழில் உடைமையைச் சொல்ல உதவும் ‘இரு’ என்ற வினையே, நிகழ்ந்து முடிந்து இன்னும் பொருள்படும் செயலைச் சொல்லவும் துணைவினையாகிறது: ‘எனக்குப் பணம் இருக்கிறது’, ‘நான் பார்த்திருக்கிறேன்’. ஆங்கிலத்திலும் உடைமை வினையான ‘ஹேவ்’ அதே இரண்டு வேலைகளையும் பார்க்கிறது: ‘ஐ ஹேவ் மணி’, ‘ஐ ஹேவ் சீன்’. ஆகவே ‘இருக்கிறேன்’ வரும் இடத்தில் ‘ஹேவ்’, ‘இருக்கிறாள்’ வரும் இடத்தில் ‘ஹேஸ்’ என்று முதல் படியில் கடந்துவிடலாம்.

ஓரிடத்தில் மட்டும் கை விலகுகிறது. காலையில் வாசல் திறந்து ஈரத்தைப் பார்த்ததும் ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். தடயத்தைக் கொண்டு ஊகிப்பதைக் காட்டும் அழகான தமிழ் வழக்கு இது. ‘ராத்திரி’ என்ற காலக்குறிப்பு அதற்கு இடையூறு செய்வதில்லை. ஆங்கிலத்தில் ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று சொல்ல முடியாது. முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்ட கணமே நிகழ்கால ‘ஹேவ்’, ‘ஹேஸ்’ வெளியேறிவிட வேண்டும்: ‘இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. ஊகம் என்று காட்ட வேண்டுமானால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’. தன்விவரக் குறிப்புகளில் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019’ என்று எழுதுவதும் இதே பிழைதான். ஆண்டைக் குறிப்பிட்டால் ‘ஐ கம்ப்ளீட்டட்’. ஆண்டை விட்டுவிட்டால் ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்’.

‘அவர் சென்னைக்குப் போயிருக்கிறார்’ என்பதற்கும் இரண்டு பொருள் உண்டு. இப்போது ஊரில் இல்லை என்றால் ‘ஹி ஹேஸ் கான் டு சென்னை’. எப்போதோ ஒரு முறை போய் வந்தவர் என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு சென்னை’. வீட்டு வாசலில் வந்து நிற்பவரிடம் தவறானதைச் சொன்னால் அவர் காத்திருப்பதா திரும்புவதா என்று தெரியாமல் நிற்பார்.

‘2015 முதல் இங்கே வேலை செய்கிறேன்’ என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் சாதாரண நிகழ்காலம் போதும். ஆங்கிலத்தில் கடந்த காலத்தில் தொடங்கி இன்று வரை நீளும் செயலுக்கு ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ கட்டாயம் வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’. ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015’ என்பது நேர்காணல்களில் நான் மிகுதியாகக் கேட்கும் பிழை. தொடக்கப் புள்ளியைச் சொன்னால் ‘சின்ஸ்’. கால அளவைச் சொன்னால் ‘ஃபார்’, அதாவது ‘ஃபார் டென் இயர்ஸ்’.

‘ஐ ஹேவ் ஹேட் ஃபீவர்’ என்று இரண்டு முறை வருவது அச்சுப் பிழையா?

இல்லை. முன்னால் நிற்கும் ‘ஹேவ்’ துணைவினை; பின்னால் வரும் ‘ஹேட்’ முதன்மை வினையின் எச்ச வடிவம். ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்’ என்றால் மூன்று நாளாகக் காய்ச்சல், இன்னும் விடவில்லை. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய வாக்கியம் இதுவே. ‘ஐ ஹேட் எ ஃபீவர்’ என்றால் விட்டுவிட்டது என்று அவர் எடுத்துக்கொள்ளலாம்.

‘ஹேவ் டு’ என்பதில் உடைமை எங்கே இருக்கிறது?

பொருளில் இல்லை, அது கட்டாயத்தைக் குறிக்கும் தனி வழக்காகிவிட்டது. ‘ஐ ஹேவ் டு கோ’ என்றால் நான் போக வேண்டும். ‘ஷி ஹேஸ் டு கோ’ என்றால் அவள் போக வேண்டும். தமிழின் ‘வேண்டும்’ எல்லா எழுவாய்க்கும் மாறாமல் நிற்பதால் ‘ஷி ஹேவ் டு கோ’ என்று சொல்லிவிடுகிறோம்.

கவனிக்க வேண்டியது எதிர்மறை. ‘யூ டோன்ட் ஹேவ் டு கம் டுமாரோ’ என்றால் ‘நாளை வர வேண்டிய கட்டாயம் இல்லை’. வந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக் கூடாது. நம்முடைய ‘வர வேண்டாம்’ இரண்டுக்கும் நடுவில் நின்று, சொல்பவரின் குரலைப் பொறுத்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும். ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது.

‘ஹேவ் டு’ என்பதை ‘ஹேஃப் டு’ என்று ஒலிப்பது சரியா?

சரி, அதுவே இயல்பு. பின்னால் வரும் ‘ட்’ ஒலியின் அழுத்தத்தில் ‘வ்’ கடினமாகி ‘ஃப்’ ஆகிறது. ‘ஹேஸ்’ தனியே வரும்போது அதன் இறுதி ஒலி பாம்பின் சீறல் போன்ற ‘ஸ்’ அன்று; தொண்டை அதிரும் தேனீயின் ரீங்கார ஒலி. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான் என்பதால் இங்கே காட்ட இயலவில்லை. கழுத்தில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள், அதிர்வு தெரியும். ‘ஹேஸ் டு’ என்று சேரும்போது அந்த அதிர்வு நின்றுவிடும்.

‘ஹிஸ்’ என்று சுருக்கிச் சொல்வது ‘ஹி ஈஸ்’ என்பதா, ‘ஹி ஹேஸ்’ என்பதா?

இரண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும், பின்னால் வரும் சொல்லைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ‘டால்’, ‘கமிங்’ போன்றவை வந்தால் ‘ஈஸ்’. ‘காட்’, ‘பீன்’ வந்தால் ‘ஹேஸ்’. தனி உடைமை வினையாக நிற்கும் ‘ஹேஸ்’ பொதுவாகச் சுருங்காது. ‘ஹேவ்’ பேச்சில் வெறும் ‘அவ்’ என்று தேய்வதால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே ‘ஷுட் ஹேவ்’ என்பதை ‘ஷுட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். காதால் அன்றிக் கண்ணால் ஆங்கிலம் படித்த நாம் இந்தப் பிழையைச் செய்வது அரிது.

‘ஐ கட் மை ஹேர்’ என்றால் என்ன பிழை?

‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று தமிழில் சொன்னால், முடிதிருத்துபவர் வெட்டினார் என்று யாரும் சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் கத்தரியை நீங்களே பிடித்தீர்கள் என்றுதான் முதலில் தோன்றும். பிறரைக் கொண்டு செய்விப்பதற்கும் ‘ஹேவ்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் மை ஹேர் கட் எவ்ரி மந்த்’, ‘ஷி ஹேஸ் ஹெர் கார் சர்வீஸ்ட் ஹியர்’.

இதற்கு எப்படிப் பயிற்சி செய்வது?

அட்டவணையை ஒப்பிப்பதால் பெரிய பயன் இல்லை. ‘ஐ ஹேவ், யூ ஹேவ், ஹி ஹேஸ்’ என்று பாட்டாகப் பாடுபவர்களும் பேச்சில் தவறுகிறார்கள். நான் செய்யச் சொல்வது ஒன்றுதான். நாளிதழிலிருந்தோ குறிப்பேட்டிலிருந்தோ ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, எழுவாய்க்குப் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் கட்டைவிரலால் மறைத்துவிடுங்கள். மீதம் தெரியும் எழுவாயை மட்டும் பார்த்து ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ என்று முடிவு செய்த பிறகே விரலை எடுங்கள். கடை இரண்டா, இருபதா என்பது கண்ணில் படாதபோது தமிழ்க் கணக்கு குறுக்கே வராது. முன்பு சொன்ன பெண் மறுநாள் தன் அறிமுகத்தை எழுதிக்கொண்டு வந்தபோது, ‘மை ஃபாதர்’ என்ற சொல்லுக்கு அப்பால் காகிதத்தை மடித்து வைத்திருந்தார். “இப்ப சரியா வருதா சார்?” என்று கேட்டுவிட்டு, ‘மை ஃபாதர் ஹேஸ்’ என்று சொன்ன பிறகுதான் மடிப்பைப் பிரித்தார்.